கூப்பனில் மிச்சம் பிடித்து உதவி செய்வது எப்படி: கையில் காசு குறைந்த வீடுகளுக்கு முழுமையான வழிகாட்டி

மாதம் ஐயாயிரம் ரூபாவைத் தூக்கிக் கொடுக்க எங்களில் பலரால் முடியாது. ஆனால் எப்படியும் வாங்கத்தான் போகிற சவர்க்காரத்திலும் சீனியிலும் கொப்பியிலும் கிடைக்கிற விலைக் கழிவை ஒழுங்காகச் சேர்த்தால், வருடக் கடைசியில் இரண்டு மூன்று பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்பலாம். கிளிநொச்சிப் பக்கம் எங்கள் ஒழுங்கையில் ஐந்து வீட்டுக்காரர் சேர்ந்து இதைச் செய்து வருகிறோம். புதிதாகச் சேர்ந்தவர்கள் எங்கே தடுக்கி விழுகிறார்கள் என்றும் பார்த்திருக்கிறேன். பெரும்பாலானவர்கள் கூப்பனில் தொடங்குகிறார்கள். அங்கேதான் பிழை நடக்கிறது. ஆள் முதலில், தேவை இரண்டாவது, விலை மூன்றாவது, கூப்பன் அதற்குப் பிறகு.

ஒரு சொல்லைத் தெளிவாக்கிவிடுகிறேன். எங்கள் ஊரில் பெரியவர்களிடம் கூப்பன் என்றால் சங்கக்கடையில் நிவாரண அரிசி எடுத்த கூப்பன்தான் நினைவுக்கு வரும். இங்கே நான் சொல்வது விலையைக் குறைக்கிற எதையும்: கடைத் துண்டுப் பிரசுரம், வங்கி அட்டைக் கழிவு, சுப்பர் மார்க்கெட் புள்ளி, கிப்ட் வவுச்சர், ‘மூன்று வாங்கினால் ஒன்று இலவசம்’ எல்லாமே இதற்குள் அடங்கும்.

தொடங்குமுன் வேண்டியவை

ஒரு 80 பக்கக் கொப்பி. காசு போடுவதற்கு, மூடியில் கீறல் போட்ட ஒரு பால்மாப் பேணி. எலி கடிக்க முடியாத, மூடி உள்ள ஒரு பிளாஸ்டிக் பெட்டி. சுவரில் ஒரு கலண்டர். இவ்வளவும் போதும். கடனட்டை தேவையில்லை. இல்லாதவர்கள் இதற்காக ஒன்று எடுக்கவே வேண்டாம்.

1. யாருக்கு என்று முடிவெடுங்கள்

பெயர் தெரிந்த ஒருவருக்கோ ஓர் இடத்துக்கோ கொடுக்கப் போகிறோம் என்று முதல் நாளே தீர்மானியுங்கள். ‘கஷ்டப்பட்டவர்களுக்கு’ என்று பொதுவாக வைத்துக்கொண்டால், மலிவாகக் கிடைத்ததெல்லாம் பெட்டிக்குள் விழும். கடைசியில் யாருக்கும் பொருந்தாத ஒரு குவியல்தான் மிஞ்சும்.

ஆளைக் கண்டுபிடிக்க மூன்று வழிகள் எங்களுக்குக் கைகொடுத்தன. கிராமத்துப் பாடசாலை அதிபர் அல்லது வகுப்பாசிரியர். எந்தப் பிள்ளை கொப்பி இல்லாமல் பின்வாங்கில் இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியும். மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம். கணவனை இழந்து அல்லது கணவன் காணாமல் ஆக்கப்பட்ட நிலையில் குடும்பத்தைத் தனியாகக் கொண்டு நடத்தும் பெண்களை அவர்கள் அறிவார்கள். மூன்றாவது கிராம அலுவலர். அரசாங்கத்தின் நலன்புரிக் கொடுப்பனவான அஸ்வெசும கிடைக்காமல் போன வீடுகளையும் அவரிடம் கேட்டுப் பாருங்கள். கொடுப்பனவு கிடைக்காதவர்கள் எல்லோரும் வசதியானவர்கள் இல்லை.

சிறுவர் இல்லத்துக்குக் கொடுப்பதென்றால் அது மாகாண நன்னடத்தை, சிறுவர் பராமரிப்புத் திணைக்களத்தில் பதிவானதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பதிவுள்ள இல்லம் தயங்காமல் சொல்லும்.

முதல் வருடம் ஒரு குடும்பம் போதும். ஐந்து குடும்பத்துக்கு என்று தொடங்கி, ஐந்தாம் மாதத்தில் நிறுத்திவிடுபவர்களைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

2. என்ன தேவை என்று கேட்டு எழுதுங்கள்

நாங்களாக ஊகிப்பதில்தான் காசு வீணாகிறது. பாடப்புத்தகமும் சீருடைத் துணியும் அரசாங்கம் தருகிறது. சில பாடசாலைப் பிள்ளைகளுக்குச் சப்பாத்துக்கு வவுச்சரும் கொடுத்திருக்கிறார்கள். ஆகவே அந்தப் பாடசாலைக்கு எது வந்தது, எது வரவில்லை என்று ஆசிரியரிடம் கேட்ட பிறகுதான் பட்டியல் எழுத வேண்டும். வழக்கமாக மிஞ்சி நிற்பவை கொப்பி, பென்சில், கொம்பாஸ் பெட்டி, புத்தகப்பை, சீருடை தைக்கிற கூலி. தையல்கூலியைப் பலர் மறந்துபோகிறார்கள். துணி கிடைத்தும் தைக்கக் காசில்லாமல் பழைய சட்டையோடு போன பிள்ளைகள் இருக்கிறார்கள்.

கொப்பி என்று மட்டும் எழுதாதீர்கள். ஒற்றைக் கோடா, இரட்டைக் கோடா, சதுரக் கோடா, எத்தனை பக்கம், சி.ஆர். என்கிற பெரிய கொப்பியா என்று எழுதுங்கள். தரம் 2 பிள்ளைக்கு 200 பக்க சி.ஆர். கொப்பி பெரும் சுமை. உயர் வகுப்புப் பிள்ளைக்கு இரட்டைக் கோட்டுக் கொப்பியால் ஒரு பயனும் இல்லை. மலிவு என்று எங்களில் ஒருவர் ஒரு டசின் இரட்டைக் கோட்டுக் கொப்பி வாங்கி வந்தார். அது பெட்டிக்குள் இரண்டு வருடம் கிடந்தது.

உணவுப் பொருளுக்கும் இதே கதைதான். காலபோக அறுவடை முடிகிற மாசி, பங்குனியில் பல வீடுகளில் நெல் இருக்கும், அப்போது அரிசி தேவைப்படாது. பருப்பு, தேங்காய் எண்ணெய், மீன்ரின், சவர்க்காரம் தேவைப்படும். அரிசி ஐப்பசியிலிருந்து மார்கழி வரை வேண்டும். பழைய நெல் முடிந்து, புதுப்பயிர் வயலில் நின்று, மழையால் கூலி வேலையும் இல்லாத மாதங்கள் அவை.

பெண்பிள்ளைகள் உள்ள வீட்டில் சானிட்டரி நாப்கின் பட்டியலில் இருக்க வேண்டும். அவர்களாகக் கேட்க மாட்டார்கள். எங்கள் குழுவில் இருக்கிற ஒரு அக்கா தனியாகப் பேசிக் கேட்டு எழுதுவார்.

இரண்டு பொருட்களைப் பட்டியலில் சேர்க்கவே வேண்டாம். ஒன்று மருந்து. மற்றது கைக்குழந்தைக்கான பால்மா. எவ்வளவு பெரிய கழிவு வந்தாலும் அதை வாங்கிக் கொடுக்காதீர்கள். இலவசமாக வந்த டின் முடிந்ததும் தாய்ப்பாலும் குறைந்து, வாங்கவும் காசில்லாமல் அந்தத் தாய் திண்டாடுவாள். குழந்தையின் நிறை குறைவு என்று தெரிந்தால் கிராமத்துக் குடும்பநல உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள். கிளினிக்கில் தேவையான பிள்ளைகளுக்குத் திரிபோஷா என்ற சத்துமா இலவசமாகவே கொடுக்கிறார்கள்.

3. ஒரு மாதம் விலையை மட்டும் எழுதுங்கள்

பட்டியலில் உள்ள பொருட்களுக்கு உங்கள் ஊர்க் கடையில், சங்கக்கடையில், அரசாங்கக் கடையான சதோசவில், நகரத்துச் சுப்பர் மார்க்கெட்டில் என்ன விலை என்று ஒரு மாதம் கொப்பியில் குறித்து வாருங்கள். இந்த மாதத்தில் உதவிக்கென்று எதுவும் வாங்க வேண்டாம்.

காரணம், கழிவு எதிலிருந்து கழிக்கப்படுகிறது என்று தெரியாமல் மலிவு எது என்று சொல்ல முடியாது. உறையில் உச்ச சில்லறை விலை 500 என்று அச்சிட்ட பொருளை ஒரு கடை 10 வீதக் கழிவில் 450க்குக் கொடுக்கும். அதையே பக்கத்துக் கடைக்காரர் ஒரு போர்டும் தொங்கவிடாமல் 440க்கு விற்றுக்கொண்டிருப்பார். கிராமுக்கு எவ்வளவு என்றும் பாருங்கள். 400 கிராம் பைக்கற் 360 கிராமாகக் குறைந்திருக்கும், விலை அதேதான் இருக்கும்.

அச்சிட்ட உச்ச விலைக்கு மேல் யாராவது கேட்டால் பில்லை வாங்கி வைத்துக்கொண்டு, நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு 1977 என்ற இலக்கத்தில் சொல்லலாம்.

4. கூப்பன்களை இனம் பிரியுங்கள்

எல்லாக் கூப்பனும் ஒரே மாதிரி வேலை செய்யாது. ஒவ்வொன்றுக்கும் ஒரு பொறி இருக்கிறது.

‘ஒன்று இலவசம்’ வகை. எங்களைப்போன்ற வீடுகளுக்கு இதுதான் மிக நல்லது. அட்டை வேண்டாம், போன் வேண்டாம். உதாரணத்துக்கு, 150 ரூபாச் சவர்க்காரம் மூன்று வாங்கினால் நான்காவது இலவசம் என்றால், வீட்டுக்கு வேண்டிய மூன்றுக்கு 450 கொடுக்கிறீர்கள், நான்காவது நேரே பெட்டிக்குள். உங்களுக்கு அந்த மாதம் ஒன்றுதான் தேவை என்றால் 300 ரூபாவை அலுமாரிக்குள் பூட்டி வைக்கிறீர்கள் என்று அர்த்தம். கெடாத பொருளாகவும் கையில் காசும் இருந்தால் மட்டும் செய்யுங்கள்.

வங்கி அட்டைக் கழிவு. வாரத்தில் குறித்த நாளில், குறித்த தொகைக்கு மேல் வாங்கினால்தான் கிடைக்கும். கழிவுக்கு ஓர் உச்ச எல்லையும் இருக்கும். 25 வீதம், ஆகக்கூடியது 1,000 ரூபா என்று போட்டிருந்தால், 4,000 ரூபா பில்லோடு அந்தக் கழிவு முடிந்துவிட்டது. அதற்கு மேல் வாங்குவது முழு விலைக்குத்தான். பல கழிவுகள் கடனட்டைக்கு மட்டும் உரியவை, டெபிட் அட்டைக்குக் கிடைக்காது. கடனட்டைக் காசைத் தவணைக்குள் முழுதாகக் கட்டாவிட்டால் வட்டி அந்தக் கழிவை விழுங்கிவிடும்.

புள்ளிகள். பதிவு செய்த போன் நம்பரைச் சொன்னால் புள்ளி சேரும். பில் போடுகிறபோது சொல்ல மறப்பதுதான் பெரிய இழப்பு. மாதாமாதம் சில்லறையாகக் கழிக்காமல் மார்கழி வரை விட்டு, கொப்பி வாங்கும்போது மொத்தமாக எடுங்கள். ஆனால் புள்ளிக்கும் முடிவுத் திகதி உண்டா என்று முன்னமே கேட்டு, கலண்டரில் குறியுங்கள்.

கிப்ட் வவுச்சர். வேலை இடத்திலும் வெளிநாட்டு உறவுகளிடமிருந்தும் வரும். பெரும்பாலான கடைகளில் மிச்சக் காசு தர மாட்டார்கள். 1,000 ரூபா வவுச்சருக்கு 870 ரூபாவுக்கு வாங்கினால் 130 போய்விட்டது. எப்போதும் சற்று மேலே போய்க் கையிலிருந்து பத்து இருபது ரூபா போடுங்கள். அனுப்புகிறவர் கேட்டால், ஒரு 5,000 வேண்டாம், பத்து 500 அனுப்புங்கள் என்று சொல்லுங்கள். பிரித்துக் கொடுக்க வசதியாக இருக்கும்.

இணையக் கடை வவுச்சர். டராஸ் போன்றவற்றில் நவம்பர் 11ஆம் திகதியை ஒட்டி வருகிற 11.11 விற்பனை நேரத்தில் நல்ல கழிவு வரும். ஆனால் கொழும்பிலிருந்து வன்னிக்கு வருகிற டெலிவரிக் கட்டணத்தையும் சேர்த்துத்தான் விலை பார்க்க வேண்டும். ஒரு புத்தகப்பைக்கு அநேகமாகக் கட்டாது. ஐந்து வீட்டுக்காரர் சேர்ந்து ஒரே கடையில் ஐந்து பை எடுத்தால் கட்டலாம்.

அதிர்ஷ்டக் கூப்பன். தீபாவளிக்கும் வருடப்பிறப்புக்கும் புடைவைக் கடைகளில் பெயர் எழுதிப் பெட்டியில் போடச் சொல்வார்களே, அது குலுக்கல். அதில் விலை குறைவதில்லை. அதற்காக ஒரு ரூபாவும் கூடுதலாகச் செலவழிக்க வேண்டாம்.

வாட்ஸ்அப்பில் ‘ஆண்டு விழாப் பரிசு, இருபது பேருக்கு அனுப்புங்கள்’ என்று வருகிற இணைப்பைத் தொடவே வேண்டாம். போனுக்கு வருகிற ஓ.டி.பி. இலக்கத்தை எவருக்கும் சொல்ல வேண்டாம். தருமம் செய்யப் போய் வங்கிக் கணக்கைக் காலி பண்ணிக்கொண்டவர்களின் கதை எங்கள் காதுக்கே வந்திருக்கிறது.

5. பஸ் காசைக் கழித்துப் பாருங்கள்

விசுவமடுவிலோ மல்லாவியிலோ முழங்காவிலிலோ இருப்பவர்களுக்குச் சுப்பர் மார்க்கெட் பக்கத்தில் இல்லை. 3,000 ரூபாச் சாமானுக்கு 10 வீதம் என்றால் 300 ரூபா. போய்வர 200 போனால் மிச்சம் 100. அரைநாள் கூலியும் போயிருக்கும். கூப்பனுக்காகவே பயணம் வைக்காதீர்கள். கிளினிக்குக்கோ வங்கிக்கோ கச்சேரிக்கோ (மாவட்டச் செயலகத்துக்கோ) போகிற நாளோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஐந்து வீட்டுப் பட்டியலை ஒருவர் கொண்டுபோனால் கணக்கு மாறிவிடும். 15,000 ரூபாவுக்கு 1,500 கழிவு, பஸ் 200, மிச்சம் 1,300. சீட்டுப் பிடிக்கத் தெரிந்த ஊருக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரு விதியை மட்டும் உறுதியாக வைத்திருங்கள்: சாமான் வாங்கப் போகுமுன் ஒவ்வொரு வீடும் காசைக் கையில் கொடுக்க வேண்டும். ‘வந்து தாறேன்’ என்பதை ஏற்றுக்கொண்டால் இரண்டாம் மாதத்தில் மனஸ்தாபம் வரும், மூன்றாம் மாதத்தில் குழு உடையும்.

6. மிச்சத்தை அன்றைக்கே பிரித்தெடுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒன்றைத்தான் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள். பில்லின் அடியில் ‘நீங்கள் மிச்சம் பிடித்தது ரூ. 185’ என்று இருக்கும். அந்த 185 உங்கள் பையில் தனியாக இல்லை. மற்றக் காசோடு காசாகக் கிடக்கிறது. அடுத்த நாள் அது மீனாகவோ போன் ரீலோடாகவோ மாறிவிடும், நீங்கள் உதவியும் செய்திருக்க மாட்டீர்கள்.

ஆகவே வீட்டுக்கு வந்ததும், சாமானை அடுக்குமுன், பில்லைப் பார்த்து அந்தத் தொகையை எண்ணிப் பேணிக்குள் போடுங்கள். இலவசமாக வந்த பொருளைப் பெட்டிக்குள் வையுங்கள். கொப்பியில் திகதி, பொருள், மிச்சம் என்று ஒரு வரி எழுதுங்கள். இதைப் பிள்ளைகளிடம் விட்டால் ஒருநாளும் தவறாது. எங்கள் வீட்டில் மகள்தான் செய்கிறாள்.

முழுத் தொகையையும் போட முடியாத மாதம் வரும். அப்போது பாதியைப் போடுங்கள், மற்றப் பாதி வீட்டுக்கு. நீங்களும் கஷ்டத்தில் இருக்கிறபோது அதில் குற்றமில்லை. வாரம் 150 ரூபா விழுந்தாலும் வருடத்துக்கு 7,800 ஆகிறது.

இன்னொரு பிழையும் உண்டு. ‘தருமத்துக்குத்தானே’ என்று தேவையில்லாததையும் வாங்கத் தொடங்குவது. வீட்டுப் பட்டியலிலும் இல்லை, உதவிப் பட்டியலிலும் இல்லை என்றால், பாதி விலைக்குக் கொடுத்தாலும் அது செலவுதான்.

7. பெட்டியைக் காப்பாற்றுங்கள்

வன்னி வெயிலும் மாரி ஈரமும் பொருளைச் சும்மா விடாது. சவர்க்காரத்தையும் உணவையும் ஒரே பெட்டியில் வைக்காதீர்கள், மாவும் பருப்பும் சவர்க்கார வாசம் பிடித்துவிடும். கொப்பிகளைத் தடித்த பொலித்தீனில் சுற்றுங்கள். அரிசிக்குள்ளும் பருப்புக்குள்ளும் காய்ந்த வேப்பிலையோ செத்தல் மிளகாயோ போட்டால் வண்டு குறையும். கோதுமை மாவை மட்டும் சேர்த்து வைக்க வேண்டாம், கொடுக்கிற வாரத்தில் வாங்குங்கள்.

பெட்டியை நிலத்தில் வைக்காமல் மேசையிலோ பரணிலோ வையுங்கள். 2018 மார்கழி வெள்ளத்தில் எங்கள் வீட்டுக்குள் தண்ணீர் வந்தபோது, நிலத்தில் வைத்த இரண்டு டசின் கொப்பிகள் ஊறிப் போயின. பிள்ளைகளுக்குக் கொடுக்க இரண்டு வாரம் இருந்தது.

காலாவதித் திகதி முந்துவதை மேலே அடுக்குங்கள். கழிவில் போடுகிற பொருட்கள் பல நேரம் முடிவுத் திகதி நெருங்கியவைதான். கொடுக்கிற நாளிலிருந்து குறைந்தது மூன்று மாதம் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். உங்கள் பிள்ளைக்குக் கொடுக்கத் தயங்குகிற பைக்கற்றை அந்தப் பிள்ளைக்கும் கொடுக்காதீர்கள்.

8. நீங்களே ஒரு கூப்பன் எழுதுங்கள்

பேணியில் சேர்ந்த காசைச் சாமானாக மாற்றாமல் கொடுக்க ஒரு நல்ல வழி இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்ததும் இதுதான். அந்தக் குடும்பம் வழமையாகச் சாமான் வாங்குகிற கடைக்காரரிடம் போய், 2,000 ரூபாவை முன்கூட்டிக் கட்டி, நான்கு துண்டுகளில் 500 ரூபா என்று எழுதி, இலக்கம் போட்டு, அவரிடம் கையெழுத்தும் கடை முத்திரையும் வாங்குங்கள். அதே இலக்கங்களை அவர் தன் கொப்பியிலும் எழுதிக்கொள்ள வேண்டும். அந்தத் துண்டுகளைக் குடும்பத்திடம் கொடுங்கள்.

இதனால் அவர்களுக்கு வேண்டியதை அவர்களே எடுக்கலாம். பஸ் ஏறவும் வேண்டாம். உதவிப் பொதியைத் தூக்கிக்கொண்டு ஊர் பார்க்க நடக்கவும் வேண்டாம். மற்றவர்களைப்போலக் கடைக்குப் போய்ச் சாமான் வாங்கி வருவார்கள். காசும் ஊர்க் கடையிலேயே நிற்கும். முன்காசு கட்டுவதால் ஐந்து வீதம் குறைத்துத் தருவீர்களா என்று கேளுங்கள். எங்கள் கடைக்காரர் மறுபேச்சில்லாமல் சம்மதித்தார்.

துண்டில் எழுத வேண்டியவை: இலக்கம், தொகை, கடைசித் திகதி, மிச்சம் அடுத்த முறைக்கு எழுதி வைக்கப்படும் என்ற வரி. குடும்பத்தின் பெயரை எழுதாதீர்கள். துண்டு எங்காவது விழுந்தால் ஊருக்கே தெரிந்துவிடும். பழைய கடனுக்குக் கழிப்பதா இல்லையா என்பதையும் கடைக்காரரோடு முதலே பேசி முடியுங்கள். பேசாமல் விட்டதால் ஒரு முறை துண்டு முழுவதும் பழைய கடனுக்குப் போய், அந்த அம்மா வெறும் பையோடு திரும்பினார்.

சாராயத்துக்கும் சிகரெட்டுக்கும் கொடுக்க வேண்டாம் என்று சொல்லலாம். அதற்கு மேல் கட்டுப்பாடு வைக்காதீர்கள். ஒருவர் 100 ரூபாவுக்கு போன் ரீலோட் போட்டாராம் என்று எங்கள் குழுவில் ஒரு பேச்சு வந்தது. வெளிநாட்டில் வேலைக்குப் போன மகளோடு பேசத்தான் போட்டிருக்கிறார். அதுவும் தேவைதான்.

9. கலண்டரில் நாள் வைத்து வேலை செய்யுங்கள்

சித்திரை வருடப்பிறப்புக் காலத்தில் சவர்க்காரம், பற்பசை போன்றவற்றில் இலவசச் சேர்க்கைகள் அதிகம். கெடாத பொருட்களை அப்போது எடுங்கள். ஆவணி, புரட்டாதியில் பேணியை எண்ணி, பட்டியலோடு ஒப்பிடுங்கள். கார்த்திகை முதல் மார்கழி வரை புத்தகக் கடைகள் கொப்பிக்குக் கழிவு போடும் காலம். மார்கழிக் கடைசி வாரம் வரை பொறுத்திருந்தால் நல்ல கொப்பிகள் முடிந்துவிடும், கூட்டமும் தாங்காது. புதிய கல்வியாண்டு தொடங்க இரண்டு வாரத்துக்கு முன் பொருள் பிள்ளையின் கையில் இருக்க வேண்டும். உறை போடவும் பெயர் எழுதவும் அந்தப் பிள்ளைக்கும் நேரம் வேண்டும்.

10. கையளிக்கும் முறை

படம் எடுக்காதீர்கள். வெளிநாட்டு உறவு காசு அனுப்பியிருந்தால் பில்லைப் படம் பிடித்து அனுப்புங்கள், கொப்பிக் கட்டைப் படம் பிடித்து அனுப்புங்கள், பிள்ளையின் முகம் வேண்டாம். ஆசிரியர் மூலம் கொடுப்பதென்றால் காலைக் கூட்டத்தில் பெயர் கூப்பிட வேண்டாம் என்று முதலே சொல்லிவிடுங்கள்.

விலைத் துண்டுகளையும் ‘இலவசம்’ என்ற ஸ்டிக்கரையும் உரித்துவிடுங்கள். சாதாரணக் கடைப்பையில் போட்டு, பின்னேரம் போங்கள். தேத்தண்ணி தந்தால் வாங்கிக் குடியுங்கள். அவசரம் என்று வாசலிலேயே நின்று கொடுத்துவிட்டு வருவது அவர்களை நோகச் செய்யும். இருந்து பேசினால்தான் அடுத்த வருடப் பட்டியலுக்கு என்ன எழுத வேண்டும் என்றும் தெரியவரும். போன தையில் அப்படி இருந்தபோதுதான், பிள்ளை கறுப்புப் பலகை தெரியாமல் கண்ணைச் சுருக்குகிறான் என்று தாய் சொன்னார். இந்த வருடப் பேணி அவனுடைய கண்ணாடிக்கு.